மாமாவின் முயலும் என் வானம்பாடியும்

முதல் நாள், வெள்ளி

மொரப்பூரில் இறங்கியபோது விடியற்காலை நாலு மணி. தூங்கிவிட்டால் சேலத்தில்தான் கண் விழிப்போம் என்கிற பயத்தில் அரை மணி முன்பே பையை மாட்டிக்கொண்டு கதவோரம் நின்றுவிட்டேன். என்னோடு இறங்கியவர்களில் பாதிப் பேர் தீர்த்தமலைக்குப் போகிறவர்கள். ஞாயிற்றுக்கிழமை மாசி மகம். அவர்கள் அரூர் பஸ்ஸுக்கு ஓட, நான் தருமபுரி பஸ்ஸுக்கு எதிர்ப்பக்கம் நடந்தேன். மொரப்பூரிலிருந்து தருமபுரிக்கு ஒரு காலத்தில் குட்டி ரயில் ஓடியது. போர்க் காலத்தில், 1941ல், தண்டவாளத்தைப் பிடுங்கிவிட்டார்கள். இங்கே குளிரில் நின்று பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போதெல்லாம் அந்தப் பிடுங்கியவர்களை நினைத்துக்கொள்வேன்.

ஐந்து நாள் லீவு. மாமா வீட்டுக்கு வருடா வருடம் வருகிறேன், சாப்பிட்டுத் தூங்கிவிட்டுப் போகிறேன். இந்தத் தடவையாவது பார்த்ததை அன்றன்றைக்கு ராத்திரி எழுதிப் போட்டுவிடுவது என்று முடிவு.

ஊர், பாலக்கோட்டுக்கும் மாரண்டஅள்ளிக்கும் நடுவில். பெயர் வேண்டாம். இந்தப் பக்கம் கல்லை விட்டெறிந்தால் ஏதாவது ஒரு ‘அள்ளி’யில்தான் போய் விழும், அதில் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். அத்தை மத்தியானம் ராகிக் களியும் கொள்ளுக் கடைசலும் போட்டார். களி உருண்டை இரண்டு இறங்கியதும் கண் தானாக மூடிக்கொண்டது.

சாயங்காலம் மாமாவோடு மேட்டுக் கொல்லைக்குப் போனேன். கொள்ளு பிடுங்கி இரண்டு வாரம் ஆகிறது. செம்மண், சரளை, அங்கங்கே காய்ந்த வேர். பார்க்க ஒன்றுமே இல்லை. முன்னால் நடந்த மாமா சட்டென்று நின்று தன் செருப்புக்கு முன்னால் கையைக் காட்டினார். பார்த்தேன். மண். இன்னும் உற்றுப் பார்த்தேன். மண்தான்.

“கண்ணு தெரியுதா?” என்றார்.

யாருடைய கண் என்று கேட்பதற்குள் அந்த மண்ணில் ஒரு கட்டி எழுந்து குடுகுடுவென்று ஓடி, பத்தடி தள்ளி மறுபடியும் மண்ணாகிவிட்டது.

சாம்பல் தலை வானம்பாடி. சிட்டுக்குருவியை விடக் கொஞ்சம் சிறிசு, அதே மாதிரி குட்டையான தடித்த அலகு. பெட்டை முழுக்க மண் நிறம். நாங்கள் பார்த்தது பெட்டை. நான் பெயரைச் சொன்னதும் மாமா, “குருவிதான?” என்றார். அவருக்குக் காக்கை, கழுகு, மயில், கவுதாரி தவிர மிச்சமெல்லாம் குருவி.

“இந்தக் குருவியாவது மூணு அடியில எந்திரிச்சிடுச்சி மாப்ள. இதே கொல்லையில முயல் ஒண்ணு படுக்குது. நீ மிதிச்சாத்தான் எந்திரிக்கும். சும்மா உட்கார்றதுல முயலை அடிச்சிக்க ஆளே கிடையாது.”

“முயல் உட்காரும் மாமா. பாடுமா?”

“பாடி என்ன பண்ணப் போவுது?”

வீடு வந்து சேரும்வரை இதே பேச்சு. அவர் முயல் கட்சி, நான் வானம்பாடிக் கட்சி. தான் பிடித்த முயலுக்கு மூணே கால் என்று அடம்பிடிப்பதில் எங்கள் குடும்பத்தை மிஞ்ச ஆளில்லை. அதிலும் மாமா பிடித்திருப்பது நிஜமாகவே முயல்.

இரண்டாம் நாள், சனி

ஆறு மணிக்கு மேட்டுக் கொல்லை. மாசிப் பனி காலை நனைக்கிறது. மாமா டிவிஎஸ் எக்ஸெல்லில் தக்காளிப் பெட்டி வாங்கப் போய்விட்டதால் நான் தனியாள். வரப்பில் ஒரு கல்லின் மேல் துண்டைப் போட்டு உட்கார்ந்து பைனாகுலரைத் துடைத்துக்கொண்டிருக்கும்போதே தலைக்கு மேல் சத்தம் கேட்டது.

ஆண் பறவை. இறக்கையை வேகமாக அடித்துக்கொண்டு மேலே மேலே போகிறது, ஒரு பத்து மாடி உயரம் இருக்கும். அங்கே போனதும் இறக்கையை மடக்கிக்கொண்டு கல் மாதிரி விழுகிறது. விழும்போது ஒரு நீளமான விசில். தரைக்கு வெகு மேலேயே இறக்கையை விரித்து வளைந்து மறுபடி கொஞ்சம் ஏறுகிறது. மறுபடி விழுகை, மறுபடி விசில். படிக்கட்டில் குதித்துக் குதித்து இறங்கும் பையன் மாதிரி வந்து, கடைசிப் படியில் சத்தமே இல்லாமல் தரையில் உட்கார்ந்துவிடுகிறது. ஒன்றரை மணி நேரத்தில் பதினோரு தடவை எண்ணினேன். அதற்குப் பிறகு எண்ணுவதை விட்டுவிட்டு வெறுமனே பார்த்தேன்.

மரம் கிடையாதா என்றால், இருக்கிறது. வரப்பில் வேப்பமரம், அதையடுத்து கரண்ட் கம்பி. கம்பியில் கரிச்சான், அதற்கு அந்தப் பக்கம் பஞ்சுருட்டான் இரண்டு. இந்த வானம்பாடி மட்டும் மரத்திலோ கம்பியிலோ உட்காருவதே இல்லை. தரை, இல்லாவிட்டால் ஆகாயம். நடுவில் அதற்கு எதுவும் வேண்டாம். இத்தனைக்கும் அதன் உறவுக்காரரான ஜெர்டன் புதர் வானம்பாடி அதே வேலிக் கல்லின் மேல் உட்கார்ந்து தாராளமாகப் பாடிக்கொண்டிருந்தது. (ஜெர்டன், மதராஸ் ராணுவத்தில் மருத்துவராக இருந்த ஆங்கிலேயர். 19ஆம் நூற்றாண்டில் தென்னிந்தியப் பறவைகளில் பாதிக்குமேல் அவர் எழுத்தில் ஏறின என்று எனக்குத் தோன்றும்.) அது பறக்கும்போது இறக்கையில் செங்கல் நிறம் தெரியும். பாடி முடித்துக் குடை விரித்த மாதிரி மெல்ல இறங்கும். நல்ல பறவைதான். ஆனால் குதிக்கிறவனைப் பார்த்த கண்ணுக்கு மிதக்கிறவன் கொஞ்சம் சப்பென்று இருக்கிறான்.

எனக்கு இன்று பிடிபட்ட விஷயம் ஒன்று உண்டு. ஆண் பறவையின் முதுகு சாம்பல், அடிப்பக்கம் முழுக்க அட்டைக் கறுப்பு. தரையில் பதுங்கும்போது மேலிருந்து பார்க்கிற பருந்துக்குச் சாம்பல் முதுகுதான் தெரியும், மண்ணோடு மண். மேலே ஏறிப் பாடும்போது கீழேயிருந்து பார்க்கிற பெட்டைக்கும், பக்கத்துக் கொல்லைப் போட்டிக்காரனுக்கும் வெளிர் வானத்தில் கறுப்புப் புள்ளி. யாருக்குத் தெரிய வேண்டுமோ அவர்களுக்கு ஒரு பக்கம், யாருக்குத் தெரியக் கூடாதோ அவர்களுக்கு இன்னொரு பக்கம். சட்டைக்குள் பனியன் போட்டுக்கொள்கிற மாதிரி கறுப்பை வயிற்றில் வைத்துக்கொண்டு திரிகிறது.

ஒன்பது மணிக்கு ஒரு பெரியவர் வந்து கொஞ்ச தூரத்தில் நின்றார். பைனாகுலரைப் பார்த்தார், நோட்டைப் பார்த்தார்.

“குழாய் பதிக்க அளக்க வந்தீங்களா?”

இந்தப் பக்கத்தில் நோட்டும் கையுமாக வயலில் உட்கார்ந்திருக்கிறவன் மேல் வருகிற முதல் சந்தேகம் அதுதான். நியாயமான சந்தேகம். குருவி பார்க்கிறேன் என்றதும் அவர் முகத்தில் நிம்மதியும் வந்தது, என்மேல் ஒரு பரிதாபமும் வந்தது.

கூடு கிடைத்தது பத்து மணிக்கு. ஆண் தரையிறங்கிய பிறகு நேராக எங்கும் போகாமல், தலையைத் தாழ்த்தி இப்படியும் அப்படியும் நடந்து, ஒரு மண்ணாங்கட்டிக்குப் பின்னால் மறைந்தது. அதே கட்டியின் பின்னாலிருந்து பெட்டை வெளியே வந்தது. ஆள் மாற்றம். இந்த இனத்தில் ஆணும் பெண்ணும் முறை வைத்து அடைகாக்கும், பதின்மூன்று பதினான்கு நாள். இரண்டும் விலகியிருந்த நேரத்தில் தள்ளி நின்று எட்டிப் பார்த்தேன். டீ தம்ளர் வாய் அகலத்தில் ஒரு குழி. உள்ளே காய்ந்த புல்லும் கொஞ்சம் ஆட்டு மயிரும். குழியின் ஒரு பக்க விளிம்பில் சுண்டைக்காய் அளவுக் கற்கள் அடுக்கியிருக்கின்றன. ஏழு கல். தானாக உருண்டு வந்தவை இல்லை, பொறுக்கி வைத்தவை. குழிக்குள் இரண்டு முட்டை, மங்கிய வெள்ளையில் காப்பித்தூள் தெளித்த மாதிரி. அரை நிமிடம் பார்த்திருப்பேன். உடனே விலகி வரப்புக்கு வந்துவிட்டேன். நம் காலடி மணத்தைப் பிடித்துக்கொண்டு கீரி வரும் என்று எங்கேயோ படித்த பயம்.

ராத்திரி சாப்பிடும்போது ஏழு கல்லைப் பற்றிச் சொன்னேன். மாமா ரசத்தை உறிஞ்சிவிட்டு, “வீடு கட்டி, கல்லு வெச்சி, முட்டைய ஒரே எடத்துல வெச்சிக்கிட்டு காவல் காக்கணும். முயலுக்கு அந்தத் தொல்லையே இல்ல” என்றார். “நாளைக்கு விடிகாலைல கெளம்பு. ஆனா பௌர்ணமி. வெளிச்சத்துல அது வெளிய வந்தா உன் அதிர்ஷ்டம்.”

மூன்றாம் நாள், ஞாயிறு

அதிர்ஷ்டம் இருந்தது.

நாலே முக்காலுக்குக் கிளம்பினோம். மகமும் அதுவுமாகக் குளிக்காமல் வெளியே போகக் கூடாது என்று அத்தை சொல்லிக்கொண்டிருக்கும்போதே நாங்கள் வாசலைத் தாண்டிவிட்டோம். நிலா மேற்கே சாய்ந்திருந்தது, டார்ச்சே தேவைப்படவில்லை. பங்காளி ஒருவரின் கடலைக் கொல்லை, கிணற்றுப் பாசனம், மார்கழிப் பட்டத்தில் போட்டது. செடி முழங்காலுக்குப் பாதி உயரம். புளியமரத்து நிழலில் நின்றோம். மாமா வாயில் விரலை வைத்தார்.

முதலில் தெரிந்தது காதுதான். கடலைச் செடிக்கு மேல் இரண்டு காது, ஒன்று முன்னால் திரும்பியிருக்கிறது, இன்னொன்று எங்கள் பக்கம். அப்புறம் செடிக்குள்ளிருந்து வரப்புக்கு வந்து உட்கார்ந்தது. கருப்புப் பிடரி முயல். பூனையை விடக் கொஞ்சம் பெரிது, இரண்டு மூன்று கிலோ தேறும். முன்னங்காலை நக்கி முகத்தைத் துடைத்தது. பிறகு வலது காதை இரண்டு முன்னங்காலாலும் பிடித்து இழுத்து, பின்னல் பின்னுகிற பெண் மாதிரி மேலிருந்து நுனிவரை நீவியது. அது காதை முன்னால் இழுத்த அந்த நேரத்தில்தான் பிடரிக் கறுப்பு தெரிந்தது. மை கொட்டிய மாதிரி ஒரு திட்டு. காதை விட்டதும் காது பின்னால் போய் அதை மூடிக்கொண்டது.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நேற்று முழுக்க எழுதிய கறுப்பு வயிற்றுக் கதைதான் இங்கேயும். அதற்கு வயிற்றில், இதற்குப் பிடரியில். பதுங்கினால் இரண்டுமே கறுப்பை மூடிக்கொள்கின்றன.

நாங்கள் அசைந்தோமோ என்னவோ, முயல் பின்னங்காலில் எழுந்து நின்றது. முன்னங்கால் இரண்டும் மார்போடு தொங்க, எங்களையே பார்த்தபடி ஆள் மாதிரி நின்றது. எண்ணிப் பத்து வரை நின்றிருக்கும். பிறகு ஊருக்குள்ளிருந்து மாமா வீட்டு நாய் எங்களைத் தேடிக்கொண்டு ஓடி வர, முயல் கீழே விழுந்த அதே நொடியில் பறந்தது. நேராக ஓடவில்லை. வலது, இடது, மறுபடி இடது. நாய் ஒவ்வொரு திருப்பத்திலும் கொஞ்சம் தாண்டிப் போய்த் திரும்ப வேண்டியிருந்தது. கரடு ஓரம் போவதற்குள் நாய் உட்கார்ந்துவிட்டது.

புளியமரத்தடியிலேயே உட்கார்ந்து விடியும்வரை பேசினோம். பொங்கல் முடிந்ததும் ஊரோடு முயல் வேட்டைக்குப் போன கதையை மாமா சொன்னார். 1972லேயே சட்டம் வந்துவிட்டது, முயல் பிடித்தால் குற்றம் என்பது ஊருக்குள் உறைக்கப் பல வருடம் ஆகியிருக்கிறது. ஒரு பக்கம் வலை கட்டி, மறுபக்கத்திலிருந்து தட்டுத் தட்டிக்கொண்டு வருவார்களாம்.

“எனக்கு இருவது வயசு. உங்கம்மா தலைப் பிரசவத்துக்கு இங்க வந்திருந்தா, உங்கக்கா கைக்கொழந்தை. வலையில ஒண்ணு மாட்டுச்சி. கைய வெச்சேன், கத்துச்சி பாரு. அதுவரைக்கும் முயலுக்குத் தொண்டையே கெடையாதுன்னு நெனச்சிருந்தேன். உங்கக்கா தொட்டில்ல கத்தற மாதிரியே இருந்துச்சி.”

“விட்டுட்டீங்களா?”

“எங்க விடறது? நாலு பேரு சேந்து புடிச்சது. கொழம்பு வெச்சாங்க. எனக்கு எறங்கல. அதுக்கப்புறம் நான் போவல.”

முயலுக்குக் குரல் உண்டு. பிடிபட்டால், அடிபட்டால் மட்டும் எடுக்கும். நிறைய முயல்கள் ஆயுள் முழுக்க ஒரு தடவைகூட அதை எடுக்காமலே போய்விடும் என்று நினைக்கிறேன். வானம்பாடி ஒரு காலை நேரத்தில் அள்ளி வீசுகிற குரலை முயல் தன் வாழ்நாள் முழுக்கச் சேர்த்து வைத்திருக்கிறது. இதை மாமாவிடம் சொன்னேன். “அதான் சொன்னேன், செலவாளி உன் குருவி” என்றார்.

செலவாளியா என்பதில்தான் எனக்குச் சந்தேகம். ஐரோப்பாவில் இந்த இரண்டின் உறவுக்காரர்களையும் ஆராய்ந்திருக்கிறார்கள். 1994ல் ஸ்காட்லாந்திலிருந்து வந்த ஆய்வு ஒன்று. அங்கே மெர்லின் என்கிற சிறிய வல்லூறு வானம்பாடியைத் துரத்தும். உயிருக்கு ஓடுகிற நேரத்திலும் சில வானம்பாடிகள் பாடிக்கொண்டே பறக்கின்றன. பாடாத பறவையை வல்லூறு விடாமல் துரத்துகிறது, நன்றாகப் பாடுகிற பறவையைச் சீக்கிரமே கைவிட்டுவிடுகிறது. ஓடிக்கொண்டே பாட மூச்சு இருக்கிறதென்றால் இவனைப் பிடிக்க முடியாது என்று வல்லூறுக்குப் புரிகிறது போல. அதற்கு ஒரு வருடம் முன்பு, 1993ல், இங்கிலாந்து முயல்களைப் பற்றி இன்னொரு ஆய்வு. திறந்த வெளியில் நரி நெருங்கினால் முயல் ஓடுவதில்லை. பின்னங்காலில் எழுந்து நரியைப் பார்த்து நிற்கிறது. உன்னைப் பார்த்துவிட்டேன், இனிமேல் பதுங்கி வந்து பிரயோஜனமில்லை என்கிற செய்தி. நரியும் பெரும்பாலும் வேறு பக்கம் போய்விடுகிறது.

அதாவது இரண்டும் சொல்வது ஒரே சேதி: வீணாக அலையாதே. ஒன்று பாடிச் சொல்கிறது, ஒன்று எழுந்து நின்று சொல்கிறது. இன்றைக்கு அந்த முயல் எங்களைப் பார்த்து நின்றது அதே அர்த்தத்தில்தானா என்பதற்கு என்னிடம் சாட்சி இல்லை. ஆனால் நான் அந்தச் சேதியைப் பெற்றுக்கொண்டேன்.

ராத்திரி வாசலில் கட்டில் போட்டு அத்தை நிலாவைக் காட்டி, “மேல ஒண்ணு உக்காந்திருக்கு, அதை மட்டும் உங்க மாமாவால வலை கட்ட முடியல” என்றார். மாமா காது கேட்காத மாதிரி இருந்துவிட்டார்.

நான்காம் நாள், திங்கள்

இராயக்கோட்டை. மாமாவுக்குத் தக்காளி மண்டியில் வேலை, எனக்குக் கோட்டை. மண்டியில் விலை கேட்டுவிட்டு மாமா பேசாமல் டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். அதைப் பற்றி எழுத எனக்கும் மனமில்லை.

இங்கிருந்து மேற்கே போகப் போக பேச்சு மாறுகிறது. தேன்கனிக்கோட்டைப் பக்கம் கன்னடக்காரர் ‘மொல’ என்பார், தெலுங்குக்காரர் ‘குந்தேலு’ என்பார். முயல் ஒன்றுதான். 1791ல் மைசூர்ப் போரில் ஆங்கிலேயர் கைக்குப் போன கோட்டை இது. ஏறி முடிக்க எனக்கு ஒரு மணி நேரமும் இரண்டு பாட்டில் தண்ணீரும். மேலே பாறை இடுக்கில் முயல் புழுக்கை கிடந்தது, கொத்தமல்லி விதையை விடப் பெரிய உருண்டை, நசுக்கினால் வெறும் நார்.

அந்தப் புழுக்கை ஒரு பாதிக் கதைதான். முயல் பகலில் படுத்திருக்கும்போது மென்மையான ஒருவகைப் புழுக்கை போடும், அதைத் தரையில் விழவிடாமல் தானே தின்றுவிடும். முதல் சுற்றில் சிக்காத சத்தை இரண்டாம் சுற்றில் எடுத்துக்கொள்ளும். மாடு அசை போடுகிறது, முயல் இப்படிச் செய்கிறது. வானம்பாடிக்குப் பல்லே கிடையாது, விதையை அரைக்கப் பொடிக்கல்லை விழுங்கி இரைப்பையில் வைத்துக்கொள்கிறது. வறண்ட கொல்லையில் கிடைப்பதை வைத்துப் பிழைக்க ஆளுக்கொரு வழி. திரும்பி வந்து இதை அத்தையிடம் சொன்னபோது அவர் சொன்ன ஒரே வார்த்தை, “கருமம்.”

இன்றைக்கு உருப்படியாகக் கிடைத்தது மண்டிக்குப் பக்கத்து வீட்டில். ஒரு பையன் கம்பிக் கூண்டில் வெள்ளை முயல் வளர்க்கிறான். அதில் ஒன்று குட்டி போட்டு மூன்று நாள். கூண்டு மூலையில் தாய் தன் வயிற்று ரோமத்தைப் பிடுங்கிப் போட்ட மெத்தை, அதற்குள் விரல் நீளத்தில் ரோஸ் நிறமாக ஐந்து குட்டி. கண் திறக்கவில்லை, ரோமமில்லை. பையன் ரொம்பப் பெருமையாக, “காட்டுல இருக்கற முயலும் இப்படித்தாண்ணா போடும்” என்றான்.

போடாது. அதுதான் வேடிக்கை. நாம் இரண்டையும் முயல் என்கிறோம், ஆனால் கூண்டு முயல் ஐரோப்பாவிலிருந்து வந்த குழிமுயலின் வம்சம். அது வளை தோண்டும், குருட்டுக் குட்டி போடும். நம்மூர்க் கொல்லை முயலுக்கு வளையே கிடையாது. ஏறக்குறைய ஆறு வாரம் சுமந்து, வெட்ட வெளியில், ரோமத்தோடும் திறந்த கண்ணோடும் குட்டி போடும். பிறந்த குட்டி தானாகவே அசையாமல் படுக்கத் தெரிந்துதான் வருகிறது. தாய் பக்கத்திலேயே இருக்காது, இருந்தால் நரிக்குக் காட்டிக்கொடுத்த மாதிரி. வந்து பால் கொடுத்துவிட்டுப் போய்விடும்.

வானம்பாடிக் குஞ்சோ கண் தெரியாமல், தானாக நிற்க முடியாமல் பிறக்கிறது. பிறப்பை வைத்துப் பார்த்தால் கூண்டு முயல் வானம்பாடிக் கட்சி. காட்டு முயல் கோழிக்குஞ்சுக் கட்சி. இதைப் பஸ்ஸில் மாமாவிடம் விளக்கினேன். கடைசிவரை கேட்டுவிட்டு, “அப்ப என் முயல்தான் ஒசத்தி” என்றார். இரண்டு நாளாக முதல் தடவை எனக்குப் பதில் வரவில்லை.

வழியெல்லாம் பொட்டல் நிலத்தில் கலர் கொடி நட்டு மனை பிரித்திருக்கிறார்கள். கணக்கில் அதற்குப் பெயர் தரிசு. மரம் வைக்கிறோம் என்று வருகிறவர்களும் முதலில் தேடுவது இந்தத் தரிசைத்தான். மரத்தில் உட்காராத பறவைக்கும் வளை தோண்டாத பிராணிக்கும் அதுதான் வீடு என்று எந்தப் பட்டாவில் எழுதுவது?

ஐந்தாம் நாள், செவ்வாய்

கூடு போய்விட்டது.

காலையில் போனபோது மண்ணாங்கட்டி இருந்தது, ஏழு கல்லில் ஐந்து இருந்தது, முட்டை இல்லை. ஓட்டுத் துண்டுகூட இல்லை. மாமா குனிந்து பார்த்து, “கீரி இல்ல. கீரின்னா கலைச்சிப் போட்டிருக்கும். பாம்பா இருக்கும், இல்லன்னா காக்கா” என்றார். சனிக்கிழமை நான் எட்டிப் பார்த்த அந்த அரை நிமிடம் மனசில் உறுத்துகிறது. காக்கை என்னைப் பார்த்துக்கொண்டிருந்ததா? மாமா கேட்காமலே, “நீ பாத்ததாலெல்லாம் இல்ல, வா” என்றார்.

அவர் நினைத்திருந்தால், ஒரே இடத்தில் முட்டை வைத்ததன் பலன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அதற்குப் பதிலாக என்னை வரப்பைத் தாண்டிக் கூட்டிப்போய் அவருடைய சொத்தைக் காட்டினார்: முயல் படுத்த குழி. காய்ந்த கொழுக்கட்டைப் புல்லுக்கு நடுவில், என் சாணுக்கு இரண்டு சாண் நீளம். முன்பக்கம் ஆழமில்லை, பின்பக்கம் நாலு விரல் ஆழம், பின்னங்கால் மடங்குகிற இடம். மண் வழவழவென்று தேய்ந்திருந்தது. உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். சூடு இருந்தது. வெயிலின் சூடா என்று பக்கத்து மண்ணைத் தொட்டேன், சில்லென்று இருந்தது. நாங்கள் வருவதைக் கேட்டு இப்போதுதான் எழுந்து போயிருக்கிறது.

டீ தம்ளர் வாய் அகலத்தில் ஒரு குழி, இரண்டு சாணில் ஒரு குழி. நடுவில் நாற்பது தப்படி இருக்கும். ஒன்றில் கல் அடுக்கு, இன்னொன்றில் உடம்புச் சூட்டைத் தவிர ஒன்றுமில்லை. நான் நோட்டில் எழுதிக்கொண்டிருக்கும்போதே தலைக்கு மேல் விசில் கேட்டது. அதே ஆண். ஏறியது, விழுந்தது, வளைந்தது, மறுபடி ஏறியது.

“முட்டை போயிருக்கு, இது பாடிக்கிட்டு இருக்கு” என்றார் மாமா.

“இன்னொரு கூடு கட்ட வேணாமா மாமா? இப்பப் பாடினாத்தான ஆச்சு.”

அவர் கழுத்தை அண்ணாந்து, கையை நெற்றியில் வைத்து, அது இறங்கும்வரை பார்த்தார். ஐந்து நாளில் அதை அவர் முழுசாகப் பார்த்தது இதுதான் முதல் தடவை.

மத்தியானச் சாப்பாடு முடித்துக் கிளம்பினேன். அத்தை ஒரு படி கொள்ளு, பலகாரம், புளி என்று பையை நிரப்பிவிட்டார். இதை கிருஷ்ணகிரி பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து எழுதுகிறேன். சென்னை பஸ் ஏழு மணிக்கு. இப்போதுதான் மாமா போன் செய்தார்.

“ஏறிட்டியா?”

“இன்னும் இல்ல மாமா.”

“உன் குருவி சாயங்காலமும் கத்துச்சி. அந்த வேப்பமரத்துக்கு இந்தாண்ட, புதுசா ஒரு எடத்துல எறங்குது. நான் கிட்டப் போவல.” கொஞ்சம் நிறுத்தினார். “நம்மாளு பங்காளி கடலையில ரெண்டு சால் செடிய மொட்டையடிச்சிட்டான். அவன் வந்து வாசல்ல நின்னு கத்தறான். முயலு உன்னுதாமே, நஷ்டம் குடுங்கறான்.”